சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஹால்

வாங்கக்கா, உள்ள வாங்க. செருப்பை வெளியில விடாதீங்க, நாய் தூக்கிட்டுப் போயிடும். இந்த ஸ்டூலோட மூடியைத் தூக்கி உள்ள போடுங்க. ஆங், இப்ப மூடியைப் போட்டு அது மேலயே உட்காருங்க. செருப்பு வைக்கிறதும் அதுலதான், உட்கார்றதும் அதுலதான். இந்த வீட்டுல ரெண்டு வேலை பார்க்காத சாமானே கிடையாது, எங்க வீட்டுக்காரரைத் தவிர.

கீழ் வீட்டுக்கு நீங்க வந்திருக்கீங்கன்னு வாட்ச்மேன் சொன்னார். படிக்கட்டுல பார்த்தப்போ கேட்டீங்கல்ல, சின்ன வீட்டைப் பெருசா காட்டுறது எப்படின்னு. சொல்றேன். நான் துறையூர்ப் பக்கம், ஊர்ப் பள்ளிக்கூடத்துல பன்னிரண்டாவது. வீட்டு அலங்காரத்துக்குன்னு தனியா எதுவும் படிக்கல. ஆனா இந்தக் காம்பவுண்டுல ஒரு ஆணி அடிக்கணும்னாலும் "சத்தியகலாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு அடி"ன்னுதான் சொல்லுவாங்க.

முதல்ல திரை. ஜன்னல் அளவுக்கு மாட்டாதீங்க. மேல கூரையை ஒட்டிக் கம்பியை அடிச்சு, தரை தொடுற மாதிரி தொங்க விடுங்க. உள்ள இருக்கிறது சின்ன ஜன்னல்னு யாருக்கும் தெரியாது. சுவருக்கு வெள்ளை அடிக்காதீங்க. புத்தகத்துல எல்லாம் வெள்ளை அடின்னுதான் போட்டிருப்பாங்க. அதை எழுதினவருக்குக் குழந்தை குட்டி இருக்காது. இளம் சந்தனக் கலர் அடிங்க. சாம்பார்க் கை பட்டாலும் பூ வரைஞ்சதுன்னு சொல்லிக்கலாம். ஏய் முகிலினி, நான் சொன்னேன்னு நீ இப்ப வரையாத. போ, அந்தப் பக்கம் போய் விளையாடு. என் பொண்ணுதான்க்கா.

சாப்பிடுற மேசை வேணும்னா சுவர்ல கீல் வச்சு மடக்குற மாதிரி பண்ணிக்கங்க. இதோ, பலகையை இறக்கினா சாப்பாட்டு மேசை, துணியை விரிச்சா அயர்ன் பண்ற மேசை. ஒரு தடவை நான் சட்டையைத் தேய்ச்சுட்டு இருக்கும்போதே இவர் தட்டை வச்சு உட்கார்ந்துட்டார். தோசையைத்தான் தேய்ச்சேன். ஒண்ணும் குறை சொல்லாம சாப்பிட்டார், மொறுமொறுன்னு இருந்துச்சாம்.

இதெல்லாம் சில்லறை வேலை. பெரிய வேலைன்னா அது கண்ணாடிதான். ஆனா கண்ணாடி மாட்டுறதுக்கு முன்னாடி எங்க கதையைக் கேட்டுட்டு மாட்டுங்க.

எங்க வீட்டுக்காரரோட தங்கச்சி தமயந்தி. என்னைவிட மூணு வயசு மூத்தவ. ஆனா அண்ணன் பொண்டாட்டிங்கிறதால என்னை அண்ணின்னுதான் கூப்பிடுவா. மாமனார் மாமியார் இப்ப இல்ல. துணிக்கடையில பில் போடுற வேலை. சாயந்திரம் வருவா, இதோ இந்த ஹால்லதான் படுப்பா. காலையில நாங்க ரூமை விட்டு வெளியில வர்றதுக்குள்ள பாயைச் சுருட்டிக் கதவுக்குப் பின்னால நிறுத்திடுவா. அவ அங்க படுத்திருந்த அடையாளமே இருக்காது. துணி மாத்தணும்னா குளியலறை. போன் பேசணும்னா மொட்டை மாடி. இடமே அடைக்காத பொண்ணுக்கா. அப்படி ஒரு நாத்தனார் யாருக்கும் கிடைக்காது.

அவளுக்கு வரன் வந்துக்கிட்டேதான் இருந்துச்சு. வர்றவங்க எல்லாரும் பொண்ணைப் பார்க்கிறதுக்கு முன்னாடி வீட்டைப் பார்த்தாங்க. அதுல ஒருத்தர் காபியைக் குடிச்சு முடிச்சுட்டு, "தலை தீபாவளிக்கு எங்க பையன் வந்தா எங்க படுப்பான்?"னு கேட்டார். இவர் கொஞ்சங்கூட யோசிக்காம, "மொட்டை மாடி காத்தோட்டமா இருக்கும்"னு சொல்லிட்டார். ஐப்பசி மாச மழையில! அவங்க டம்ளரைக் கீழ வச்சுட்டு எந்திரிச்சுட்டாங்க.

அன்னைக்கு இவர் சாப்பிடவே இல்ல. "என் தங்கச்சி இப்படியே பாயைச் சுருட்டிக்கிட்டே கிழவி ஆயிடுவா போல இருக்கு கலா"ன்னார். எனக்கு மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு. யோசிச்சுப் பார்த்தேன். பொண்ணுல ஒரு குறையும் இல்ல. குறை ஹால்லதான். அப்ப ஹாலைச் சரி பண்ணினா கல்யாணம் நடந்துட்டுப் போகுது.

அந்தச் சமயம் தமயந்தியோட கடையைப் புதுசா மாத்துறாங்கன்னு, சேலையை மேல போட்டுப் பார்க்கிற ஆளுயரக் கண்ணாடி ஒண்ணைக் கழட்டிப் போட்டாங்க. அதை ஆட்டோவுல நிக்க வச்சு எடுத்துட்டு வந்தேன். எல்லாரும் கண்ணாடியைக் கண்ணாடி மாதிரி மாட்டுவாங்க. நான் அப்படி மாட்டல. பழைய மரக்கடையில ஒரு கதவு நிலை வாங்கி, அந்த நிலைக்குள்ள கண்ணாடியைப் பொருத்தி, இதோ இந்தப் பக்கச் சுவர்ல நிறுத்தினேன். ரெண்டு ஓரத்துலயும் திரை, பாதி இழுத்து விட்ட மாதிரி. பார்க்கிறவங்களுக்கு என்ன தோணும்? ஒரு வாசல் இருக்கு, வாசலுக்கு அந்தப் பக்கம் இன்னொரு ஹால் இருக்கு. அந்த ஹால்லயும் ஒரு ஷோகேஸ், அங்கயும் ஒரு பிள்ளையார் படம், அங்கயும் ஒரு கடிகாரம்.

மாட்டின அன்னைக்கே இவர் அது வழியா நடந்து போகப் பார்த்து மூக்கை இடிச்சுக்கிட்டார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். மஞ்சளைக் குழைச்சுப் போட்டுக்கிட்டே, "பாருங்க, வேலை செய்யுது"ன்னேன்.

அடுத்து வந்தது குளித்தலை வரன். மாப்பிள்ளை பேரு கமலக்கண்ணன், சிமெண்ட் ஆலையில வேலை. அப்பாவும் மகனும் வந்தாங்க, கூடவே மாப்பிள்ளையோட பெரியம்மா. அந்த அம்மாதான் அவங்க வீட்டுல எல்லாம். அவங்க சரின்னா சரி. கண்ணுல புரை, ஆபரேஷனுக்கு நாள் குறிச்சிருக்காங்க, தடிமனா ஒரு கண்ணாடி போட்டிருந்தாங்க. ஆம்பளைங்களைப் பக்கவாட்டுல நாற்காலி போட்டு உட்கார வச்சேன், அவங்க முகம் கண்ணாடியில விழாது. பெரியம்மாவை எதிர்ல சோபாவுல உட்கார வச்சுட்டேன். அதுதான் என் கணக்குல விழுந்த ஒரே ஓட்டை.

பெரியம்மா நேரா பார்த்தாங்க. கொஞ்ச நேரம் பார்த்தாங்க. அப்புறம் ரெண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டாங்க. எனக்கு ஒண்ணும் புரியல, சாமி கும்பிடுறாங்க போலன்னு விட்டுட்டேன். தமயந்தி காபி கொண்டுவந்து கொடுத்தா. பெரியம்மா டம்ளரை வாங்கிக்கிட்டு, "அந்த ஹால்ல இருக்கிறவங்களுக்கும் காபி கொடுத்துட்டீங்க போல. யாரையும் விட்டு வைக்கல. நல்ல உபசாரம்"னாங்க. நான் பெரியவங்க பேசும்போது குறுக்க பேசுறவ இல்ல.

மாப்பிள்ளையோட அப்பா எட்டிப் பார்த்துட்டு, "ரெண்டு ஹாலா? வெளியில இருந்து பார்த்தா தெரியலையே"ன்னார்.

இவர் வாயைத் திறந்தார். நான் காலை மிதிச்சேன். "எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணுதாங்க"ன்னேன். அதுல என்ன பொய் இருக்கு?

கிளம்புற நேரத்துல பெரியம்மா சொன்னாங்க: "எனக்குப் பொண்ணைப் பிடிச்சிருக்கு. எங்க பக்கம் மண்டபத்துல தட்டு மாத்துற வழக்கம் இல்ல. நிச்சயம் பொண்ணு வீட்டுலதான். இந்த ஹால்ல ஆம்பளைங்க உட்காரட்டும், அந்த ஹால்ல பொம்பளைங்க உட்காரட்டும். அந்த ஹால்ல வலம்புரிப் பிள்ளையார் வச்சிருக்கீங்களே, அது எல்லா வீட்டுலயும் இருக்காது. அவர் முன்னாடிதான் தட்டு மாத்தணும்."

நீங்களே திரும்பிப் பாருங்கக்கா. எங்க வீட்டுல இருக்கிறது சாதாரணப் பிள்ளையார். எல்லார் வீட்டுலயும் இருக்கிற மாதிரி தும்பிக்கை இடது பக்கம் திரும்பியிருக்கும். கண்ணாடியில அது வலது பக்கம் திரும்பிடுச்சு. அந்த அம்மாவுக்கு அது கண்ணாடின்னு தெரியல, தும்பிக்கை மட்டும் தெரிஞ்சிருக்கு.

அவங்க போனதும் இவர் சோபாவுல சாய்ஞ்சுட்டார். "இல்லாத ஹால்ல எப்படிடி பந்தி வைக்கிறது?"ன்னார். தமயந்தி டம்ளரை எல்லாம் எடுத்துக்கிட்டே, "உண்மையைச் சொல்லிடலாம்ணா"ன்னா.

நான் விடல. "இல்லாத ஹாலா? யார் சொன்னது? அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஹால் இருக்கத்தானே செய்யுது? அது நம்மளோடது இல்லங்கிறது ஒண்ணுதான் குறை."

உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்க்கா, இந்த மாதிரி அடுக்கு மாடியில ஒரு வீட்டைத் திருப்பிப் போட்டுத்தான் பக்கத்து வீட்டைக் கட்டியிருப்பாங்க. நமக்கு அடுப்பங்கரை வலது பக்கம்னா அவங்களுக்கு இடது பக்கம். கண்ணாடியில தெரிஞ்ச ஹாலும் பக்கத்து ஹாலும் அச்சு ஒண்ணு. சாமான்தான் வேற.

பக்கத்து வீட்டுல இருந்தவர் பரஞ்சோதி சார். தபால் ஆபீசுல வேலை. அம்மா தவறினதுக்கு அப்புறம் தனி ஆள். உள்ள போய்ப் பார்த்தா ஒரு கட்டில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு ரேடியோ. ஒரு ஆளுக்கு ஒரு ஹால், எவ்வளவு அநியாயம் பாருங்க. நான் நேராவே கேட்டேன்: "சார், உங்க சுவரை இடிச்சுக்கட்டுமா? ஒரு நிச்சயதார்த்தத்துக்கு வேணும். முடிஞ்சதும் அடைச்சுக் கொடுத்துடுறேன்."

"யாருக்கு நிச்சயம் சிஸ்டர்?"னார்.

"எங்க தமயந்திக்கு."

"ஓ"ன்னார். ஓடிக்கிட்டிருந்த ரேடியோவை நிறுத்தினார். "அவங்களுக்கு ஒரு காரியம் ஆகணும்னா இடிச்சுக்கங்க"ன்னார். எவ்வளவு பெரிய மனசு பாருங்க. முன்னப் பின்ன பழக்கம்கூட இல்ல. மொட்டை மாடியில துணி எடுக்கப் போறப்ப பார்த்திருப்பாங்க, அவ்வளவுதான்.

கொத்தனாரைக் கூட்டிட்டு வந்தேன். இதை மட்டும் நல்லாக் கேட்டுக்கங்கக்கா, விளையாட்டு இல்ல. எந்தச் சுவரையும் கேட்காம தொடாதீங்க. தட்டிப் பார்த்துட்டு அவர் சொன்னார், "இது தூண்ல நிக்கிற கட்டடம், இந்தச் சுவர் சும்மா தடுப்புக்குத்தான்"னு. அதுக்கு அப்புறம்தான் கை வச்சோம். கண்ணாடியைக் கழட்டி ரூமுக்குள்ள சாத்தி வச்சுட்டு, அதே நிலை அளவுக்கு ஓட்டை. நிலை அப்படியே, திரை அப்படியே. கண்ணாடி இருந்த இடத்துல இப்ப நிஜமாவே ஒரு ஹால்.

அப்புறம்தான் தலைவலியே. அந்த ஹால் கண்ணாடியில தெரிஞ்ச ஹால் மாதிரி இருக்கணும்ல? பெரியம்மாவுக்குத் தும்பிக்கை வரைக்கும் ஞாபகம் இருக்கே. எங்க சோபா மாதிரியே ஒரு சோபா வாடகைக்கு எடுத்தேன். ஷோகேஸ் ஒண்ணு. இங்க பொம்மை வலது ஓரம் இருந்தா அங்க இடது ஓரம். பிள்ளையாருக்கு என்ன பண்ணினேன்னு சொல்லுங்க பார்ப்போம். படத்தைப் போன்ல பிடிச்சு, பிரிண்ட் போடுற கடையில கொடுத்து, "அப்படியே திருப்பிப் போட்டுக் கொடுங்க தம்பி"ன்னேன். வலம்புரி ஆயிட்டார். கொழுக்கட்டை மட்டும் கை மாறிடுச்சு. அதை யார் பார்க்கப் போறாங்கன்னு விட்டேன்.

தினசரி காலண்டர்தான் மாட்டிக்கிச்சு. கண்ணாடியில எழுத்தெல்லாம் திரும்பி, வலமிருந்து இடமா தெரிஞ்சிருக்கும். அந்த மாதிரி காலண்டர் எங்க விக்கிறான்? பரஞ்சோதி சார்தான் சொன்னார், "அது எனக்குப் பழக்கம் சிஸ்டர். ஆபீஸ் முத்திரையில எழுத்தெல்லாம் திருப்பித்தான் இருக்கும். தினமும் நான்தான் தேதி மாத்துறேன்"னு. தமயந்தி கடையில இருந்து வந்ததும் அவர்கூட உட்கார்ந்து அட்டையில எழுதுவா. அவர் திருப்பி எழுதிக் காட்ட, அவ பார்த்து எழுத. சாயந்திரம் ஆரம்பிச்சா அடுப்பு வேலை முடிஞ்சு நான் கூப்பிடுற வரைக்கும் உட்கார்ந்திருப்பாங்க. ஒரு காலண்டருக்கு இவ்வளவு நாளா ஆகும்னு நான் கேட்டேன். "நல்லா வரணும்ல அண்ணி"ன்னா. பொறுப்புக்கா. பில் போடுற பொண்ணு, ஒரு எழுத்து தப்பாகக் கூடாதுன்னு அப்படி ஒரு கவனம்.

அடுத்தது கடிகாரம். இங்க அஞ்சு மணின்னா கண்ணாடியில ஏழு மணி. நின்னுபோன கடிகாரம் நல்ல காரியத்துல இருக்கக் கூடாது, ஓடுற கடிகாரம் திருப்பி ஓடாது. அதனால சாரையே அந்தக் கடிகாரத்துக்குக் கீழ நிக்கச் சொல்லிட்டேன், முள்ளைக் கையால பின்னால தள்ளிக்கிட்டே இருக்க. தமயந்தி இந்தப் பக்கம் நின்னு மணி சொல்லணும், அவர் அந்தப் பக்கம் தள்ளணும். ஒத்திகை பார்த்தோம்.

ஒத்திகைன்னதும் ஞாபகம் வருது. எல்லாம் சரியா எதிர் எதிரா இருக்கான்னு பார்க்க ஒரு வழி கண்டுபிடிச்சேன். வாசலுக்கு இந்தப் பக்கம் தமயந்தி, அந்தப் பக்கம் பரஞ்சோதி சார். "நீ வலது கையைத் தூக்குடி. சார், நீங்க இடது கை. அவ ஒரு அடி முன்னால வந்தா நீங்களும் ஒரு அடி முன்னால வரணும்." இவ ஷோகேஸைத் தொட்டா அவரும் அந்த ஷோகேஸைத் தொடணும். கை எட்டுற இடம் ஒண்ணா இருந்தா சாமான் சரியா இருக்குன்னு அர்த்தம். அருமையான யோசனை, நீங்களும் செஞ்சு பார்க்கலாம். முன்னால வாங்கன்னதும் ரெண்டு பேரும் முன்னால வந்தாங்க. நிலைக்குப் பக்கத்துல வந்து நின்னுட்டாங்க. "போதும், இப்ப பின்னால போங்க"ன்னேன். போகல. மறுபடியும் சொன்னேன். அப்படியே நின்னாங்க. சாருக்குத்தான் காது மந்தம்னு நினைச்சா, தமயந்திக்கும் கேட்கல. கடையில எந்நேரமும் பாட்டுப் போட்டுக் காதைக் கெடுத்து வச்சிருக்காங்க.

நிச்சயத்தன்னைக்குக் குளித்தலையில இருந்து ஒரு வேன் வந்துச்சு. தட்டுல தேங்காய் பழம், வெத்தலை பாக்கு, பொண்ணுக்கு ஒரு கத்தரிப்பூக் கலர் பட்டு. ஆம்பளைங்க இந்த ஹால்ல உட்கார்ந்தாங்க. பெரியம்மா திரையை விலக்கிக்கிட்டு அந்த ஹாலுக்குள்ள போனாங்க. பெரியம்மா பிள்ளையாரைப் பார்த்தாங்க, கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. காலண்டரைப் பார்த்தாங்க, கடிகாரத்தைப் பார்த்தாங்க. பரஞ்சோதி சார் முள்ளைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறதைப் பார்த்தும் ஒண்ணும் கேட்கல. நான் ஜெயிச்சுட்டேன்னுதான் நினைச்சேன்.

அப்புறம் பெரியம்மா சோபாவைப் பார்த்துட்டுக் கேட்டாங்க: "அந்த அம்மா எங்க?"

"எந்த அம்மாங்க?"ன்னேன்.

"அன்னைக்கு இந்தச் சோபாவுல உட்கார்ந்திருந்தாங்களே. நான் கும்பிட்டேன், உடனே அவங்களும் கும்பிட்டாங்க. நான் சிரிச்சேன், சிரிச்சாங்க. ஒரு வார்த்தை பேசல, ஆனா அப்படி ஒரு களை. மரியாதை தெரிஞ்சவங்க. உங்க வீட்டுப் பெரியவங்கதானே? அவங்களைக் கூப்பிடுங்க. அவங்க கையால தட்டு வாங்கணும்."

"அவங்க ஊருக்குப் போயிருக்காங்க"ன்னேன்.

அதே நேரத்துல இந்த ஹால்ல இருந்து இவர், "தூங்குறாங்க"ன்னார்.

பெரியம்மா என்னையும் பார்த்தாங்க, அவரையும் பார்த்தாங்க. "ஊருக்குப் போய்த் தூங்குறாங்களா?"

மாப்பிள்ளையோட அப்பாவுக்கு முகம் மாறிடுச்சு. "பெரிய மனுஷியை மறைச்சு வச்சுட்டு நிச்சயம் பண்றாங்கன்னா, அவங்களுக்கு இந்தச் சம்பந்தம் பிடிக்கலைன்னுதானே அர்த்தம்? சபைக்கு வரச் சொல்லுங்க. இல்லைன்னா அவங்க வர்ற நாளைக்கு நாங்க வர்றோம்"னார். இவரோட ஒரே தங்கச்சிக்கா. தட்டு அங்க இருக்கு, பட்டு அங்க இருக்கு, இல்லாத ஒரு அம்மாவுக்காக எல்லாம் கைவிட்டுப் போகுது. பக்கத்துல யாராவது வயசானவங்களைக் கூட்டிட்டு வந்து உட்கார வைக்கலாமான்னு நான் மனசுக்குள்ள ஒவ்வொரு வீடா தேடிக்கிட்டு இருக்கேன். மாடியில ஒரு அம்மா இருக்காங்க, ஆனா அவங்க குண்டு.

தமயந்தி காபித் தட்டோட அடுப்பங்கரையில இருந்து வந்தா. நிலைக்குக் கீழ நின்னா. "அது நீங்கதான் பெரியம்மா"ன்னா.

"என்னம்மா?"

"அந்த அம்மா நீங்கதான். அன்னைக்கு இங்க ஹால் இல்ல. கண்ணாடி இருந்துச்சு. இந்த ஹால் பக்கத்து வீட்டுக்காரரோடது."

அவ அவ்வளவு நீளமா பேசி நான் பார்த்ததே இல்ல. நான் அழுதுடுவேன் போல இருந்துச்சு. பெரியம்மா மெதுவா கேட்டாங்க, "நானா? அவ்வளவு லட்சணமாவா இருந்தேன்?"

தமயந்தி காபித் தட்டை வச்சுட்டு அவங்க கையைப் பிடிச்சு எங்க ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போய்க் கண்ணாடி முன்னாடி நிறுத்தினா. பெரியம்மா கும்பிட்டாங்க. அது கும்பிட்டுச்சு. கிட்டப் போய்த் தொட்டுப் பார்த்தாங்க. "ஆமா"ன்னாங்க. கோபமே இல்லக்கா, எனக்கே ஆச்சரியம். கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரிகூட இருந்துச்சு.

அப்பாடா, பொழைச்சோம்னு நினைச்சேன். திரும்பி வந்தவங்க நிலைக்கிட்ட நின்னுட்டாங்க. இந்தப் பக்கம் தமயந்தி மறுபடியும் காபித் தட்டை எடுத்துக்கிட்டு நிக்கிறா. அந்தப் பக்கம் பரஞ்சோதி சார் கடிகாரத்தை விட்டுட்டு வந்து நிக்கிறார். "நீங்கதான் பக்கத்து வீட்டுக்காரரா?"ன்னு பெரியம்மா கேட்டாங்க. அவர் தலையை ஆட்டினார். "பொண்ணுக்கு என்ன உறவு?"ன்னாங்க. அவர் தமயந்தியைப் பார்த்தார். தமயந்தி கையில தட்டு ஆடி டம்ளர் எல்லாம் கிலுகிலுன்னுச்சு. கனம் போல.

பெரியம்மா அவளைப் பார்த்தாங்க, அவரைப் பார்த்தாங்க. "எனக்குக் கண்ணுலதான் புரை. இதுகூடத் தெரியாத அளவுக்கு இல்ல"ன்னாங்க. அப்புறம் அந்த ஹாலைப் பார்த்து, "தட்டை எடுங்கப்பா, கிளம்பலாம்"னாங்க. போகும்போது தமயந்தி தலையில கை வச்சுட்டுப் போனாங்க. பட்டுப் புடவையை மட்டும் அங்கயே வச்சுட்டுப் போகச் சொல்லிட்டாங்க.

எது தெரியாத அளவுக்கு இல்லன்னு சொன்னாங்கன்னு நான் ரொம்ப நாள் யோசிச்சேன். கொழுக்கட்டைதான்க்கா. பிள்ளையார் கை மாறிப் பிடிச்சிருந்ததைக் கண்டுபிடிச்சுட்டாங்க. நீங்க படத்தைத் திருப்பிப் பிரிண்ட் போட்டா கொழுக்கட்டையைத் தனியா கவனிங்க, சொல்லிட்டேன்.

இவர் அப்படியே இடிஞ்சு போய் உட்கார்ந்துட்டார். நான்தான் தெளிவா இருந்தேன். எடுத்த காரியத்தைப் பாதியில விடுறது எனக்குப் பிடிக்காது. அந்த ஹாலைப் பார்த்தேன். திரை, சோபா, ஷோகேஸ், எல்லாம் எங்க வீடு மாதிரியே. தமயந்திக்கு ஒவ்வொரு சாமானும் கைக்குப் பழகியிருக்கு. வேற வீட்டுக்குக் கட்டிக்கொடுத்தா உப்பு டப்பா எங்க இருக்குன்னு தேடுறதுக்கே ஒரு வருஷம் ஆகும். இவ்வளவு வேலை பார்த்த ஹால் எதுக்கு வீணாப் போகணும்? "ஏங்க, பேசாம பரஞ்சோதி சாருக்கே கொடுத்தா என்ன?"ன்னேன்.

இவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "உனக்கு இப்பதான் தோணுச்சா?"ன்னார். "ஆமா, உங்களுக்குத் தோணவே இல்லையே"ன்னேன்.

ரெண்டு பேரையும் எப்படி ஒத்துக்க வைக்கிறதுன்னு என்னென்னவோ யோசிச்சு வச்சிருந்தேன். தமயந்தியை உட்கார வச்சு, "இங்க பாரு, மாப்பிள்ளைன்னு பெரிய எதிர்பார்ப்பு வச்சுக்காத, வீடு பழகின வீடு"ன்னு ஆரம்பிச்சேன். "சரி அண்ணி"ன்னுட்டா. இன்னும் பேரே சொல்லல. அவர்கிட்டப் போனேன். "சார், உங்க வீட்டுல பொம்பளை இல்லாம"ன்னேன், "சரி சிஸ்டர்"னுட்டார். ரெண்டும் எதிர்த்துப் பேசாத பிள்ளைங்க. பெரியவங்க சொன்னா கேட்டுக்கிற குணம் இந்தக் காலத்துல எங்க இருக்கு? வயலூர் முருகன் கோயில்ல கல்யாணம், அந்தக் கத்தரிப்பூக் கலர் பட்டைத்தான் கட்டிக்கிட்டா. சார் இப்ப எனக்கு அண்ணன் முறை.

கல்யாணம் முடிஞ்சதும் எனக்கு ஒரு பெரிய ஆசை இருந்துச்சுக்கா. சுவர் திறந்தே இருக்கட்டும், ரெண்டு ஹாலும் ஒரே ஹாலா, இந்தக் காம்பவுண்டுல யாருக்கும் இல்லாத மாதிரி. நடுவுல ஒரு நீளப் பாய் விரிச்சா எப்படி இருக்கும்னு அளந்துகூடப் பார்த்தேன். தமயந்திதான் வந்து நின்னா. இந்த வீட்டுல இருந்த இத்தனை வருஷத்துல என்கிட்ட ஒண்ணுமே கேட்காதவ.

"அண்ணி, இங்க ஒரு கதவு வேணும்"னா.

"திரை இருக்குல்லடி? கதவு போட்டா ஹால் பாதியா தெரியும்"னேன்.

"தெரியட்டும் அண்ணி."

"சரி, போட்டுக்கலாம். தாழ்ப்பாளை இந்தப் பக்கம் வச்சுடுறேன். காபி, குழம்பு கொடுக்க வசதியா நானே திறந்துக்குவேன்."

"இல்ல அண்ணி"ன்னா. தரையைப் பார்த்துக்கிட்டுத்தான் சொன்னா. "தாழ்ப்பாள் என் பக்கம்."

எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். எவ்வளவு அழகா வந்திருக்க வேண்டிய ஹால். இருந்தாலும் நல்ல பித்தளைத் தாழ்ப்பாளா நானே பார்த்து வாங்கி வந்தேன். தச்சர் மாட்டிட்டுப் போனார். இதோ, நீங்க சாய்ஞ்சு உட்கார்ந்திருக்கீங்களே, இந்தக் கதவுதான். அன்னைக்கு நான் இந்தப் பக்கம் அரிசி புடைச்சுக்கிட்டு இருந்தேன். அந்தப் பக்கம் தாழ்ப்பாள் போடுற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் எடுக்கிற சத்தம். மறுபடியும் போடுறா. எடுக்கிறா. போடுறா. விட்டு விட்டு ரொம்ப நேரம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. புதுசுல்ல, இறுகுது போலன்னு நினைச்சு, "ஏய் தமயந்தி, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் கொண்டு வரட்டுமா?"ன்னு இங்க இருந்தே கேட்டேன்.

"வேண்டாம் அண்ணி, நல்லாத்தான் விழுது"ன்னா.